தட்டில் ஏற வேண்டிய கண்ணாடி

பழைய பெற்றோல் பம்புகளின் உச்சியில் இருந்த கண்ணாடிக் குமிழ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1910களில் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், பம்பின் தலையில் பால்நிறக் கண்ணாடியில் செய்த குமிழ் ஒன்று அமர்ந்திருந்தது. உள்ளே மின்விளக்கு எரியும். கம்பனியின் பெயரும் சின்னமும் இருட்டில் வெகுதொலைவிலிருந்தே தெரியும். ஷெல் கம்பனியின் குமிழ் சிப்பி வடிவிலேயே வார்க்கப்பட்டது. பெற்றோல் செட்டுகளுக்குப் பெரிய கூரையும் குழல்விளக்கும் வந்த பிறகு குமிழுக்கு வேலை இல்லாமற் போயிற்று. கழற்றி எறிந்தவற்றை விரும்பியவர்கள் எடுத்து வைத்தார்கள். இன்று அவை பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. அவற்றை அடுக்கி ஒளியூட்டுவதற்கான தட்டுகளைச் செய்வது தனியொரு கைவேலையாகவே வளர்ந்துவிட்டது. எரிபொருளின் கடந்தகாலத்தைக் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் கொண்டு சொல்லும் இந்த வழக்கம் நல்ல வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில், தெல்லிப்பழையில், ஒரு பொது இடத்தில் அப்படியொரு தட்டு அமைப்பதானால் அதன் நடுவில் எதை வைப்பது? கம்பனியின் குமிழை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, மண்ணெண்ணெய் எரித்த கண்ணாடிகளையும் மண்ணெண்ணெய் எஞ்சினையும் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் முடிவு. இந்த ஊரின் எரிபொருள் வரலாறு பெற்றோல் செட்டில் நடந்ததைவிடத் தோட்டத்துக் கிணற்றடியில் நடந்ததே அதிகம்.

மண்ணெண்ணெய்க்கு முதலிடம் கொடுப்பதற்குப் பம்பின் பிறப்பிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1885இல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் சில்வானஸ் பௌசர் என்பவர் ஒரு கடைக்காரருக்கு விற்ற முதற் பம்பு மண்ணெண்ணெய் அளப்பதற்குச் செய்தது. மோட்டார் வண்டி அந்த ஊர்த் தெருவுக்கு அப்போது வந்திருக்கவில்லை; வீட்டு விளக்குக்கு எண்ணெய் விற்ற கருவிதான் பின்னாளில் பெற்றோலுக்கு மாறிக்கொண்டது. இலங்கைக்கும் எண்ணெய் முதலில் விளக்குக்காகவே வந்தது. பிறகு ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய வெளிநாட்டுக் கம்பனிகள் விநியோகத்தைக் கையில் வைத்திருந்தன. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. 1962இல் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி அரசுடைமையாகியது. 1964இன் தொடக்கத்தில் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. இடையில் நட்டஈட்டுத் தகராறு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறிய பிறகே அது தீர்ந்தது. ஆக, கம்பனிகள் தங்கள் சின்னத்தைக் காட்டி ஒன்றோடொன்று போட்டியிட்ட காலம் இங்கே 1960களின் நடுப்பகுதிக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒரே விற்பனையாளர் இருந்த அந்த நாட்களில் சின்னத்தை இரவில் எரியவைத்து வண்டிக்காரரை அழைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தச் சுருக்கமான காலத்துக்குச் சாட்சியாகத் தட்டில் ஒரு குமிழ் போதும்.

அதே காலத்தில் தெல்லிப்பழையின் செம்மண் தோட்டங்களில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் தோட்டச் செய்கை என்றால் கிணற்று இறைப்புத்தான். தலைமுறை தலைமுறையாகத் துலா மிதித்து, பட்டையால் நீர் அள்ளி வாய்க்காலில் ஊற்றினார்கள்; ஒருவர் துலாவில், ஒருவர் கிணற்றடியில், ஒருவர் பாத்தி கட்டும் இடத்தில் என்று ஒரு தோட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைப்பு மெசின் வந்து அந்தக் கூட்டுழைப்பைக் கலைத்தது. 1970களில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தெல்லிப்பழை அடங்கிய வலிகாமத்தின் தோட்டக்காரர் கண்ட செழிப்பு இந்த மெசின் இல்லாமல் நடந்திருக்காது. அது குடித்தது மண்ணெண்ணெய். இந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் 1816இல் தானியல் பூவர் தொடங்கிய அமெரிக்க மிஷன் பாடசாலையையும், பின்னாளில் யூனியன் கல்லூரியாக அது வளர்ந்ததையும், துர்க்கை அம்மன் கோயிலையும் சொல்லுவார்கள். அவை சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பியதும் கோயிலுக்கு நேர்ந்ததும் எந்த வருமானத்தில் என்று கேட்டால், விடியற்புறத்தில் கிணற்றடியில் இரைந்த அந்த எஞ்சினிடம் வந்து நிற்க வேண்டும்.

அந்த எஞ்சினைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் தாங்கி இரண்டு அறையாக இருக்கும்: சின்ன அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய், இரண்டுக்கும் கீழே ஒரு திருகு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடேறிய பின் திருகை மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் நின்றுவிடும். வேலை முடிந்து நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரில் மிஞ்சிய மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பிடிக்காது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி மசகு எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும் என்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். பிளக்கில் கரி படியும் என்பதால் கழற்றித் துடைக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் ஒரு தோட்டக்காரரின் கைக்குள் வந்து சேர்ந்த அறிவு இது. இங்கிலாந்திலும் இதே முறையில் இயங்கும் உழவு இயந்திரங்கள் இருந்தன; பெர்குசன் கம்பனி 1949இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. அங்கே அது விலை மலிவுக்கான ஏற்பாடு. இங்கே அந்த அறிவுக்கு வேறொரு வேலை காத்திருந்தது.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் கட்டங்கட்டமாக ஊரை விட்டு வெளியேறினார்கள். தெல்லிப்பழையின் வீடுகளும் தோட்டங்களும் இராணுவப் பாதுகாப்பு வலயத்தின் விளிம்புக்கும் உள்ளுக்குமாகப் போயின. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது, பெற்றோலும் மின்கலமும் அரசின் தடைப்பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் அருமையாக, உச்ச விலைக்குக் கிடைத்தது. அந்த ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை தள்ளிக்கொண்டு வண்டி போகும். இதைத் தடைக்காலத்தின் திடீர்க் கண்டுபிடிப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கிணற்றடி எஞ்சினின் படிமுறையே, ஒரு படியும் மாறாமல், வண்டிக்கு ஏறியது: பெற்றோலில் தொடக்கம், சூடு, மாற்றம், அடிக்கடி எண்ணெய் மாற்றல், பிளக் துடைத்தல். இருபது முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பழகிய கை வீதியில் வேலை செய்தது.

தேவை வந்தால் எவரும் எதையும் கண்டுபிடிப்பார்கள், இதற்குத் தோட்டக்காரர் எதற்கு என்று ஒருவர் மறுக்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. தேவை ஒருவரை முயலச் செய்யும். எந்த வரிசையில் முயல வேண்டும் என்பதைத் தேவை கற்றுத் தராது. குளிர்ந்த பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்த்த எவருக்கும் அது இயங்காது என்ற முடிவே முதலில் கிடைக்கும். சூட்டுக்குப் பிறகு இயங்கும் என்பதை ஏற்கெனவே அறிந்தவர்தான் அந்த முடிவோடு நின்றுவிட மாட்டார். இன்னொரு மறுப்பும் வரலாம்: ஓடியது வண்டியின் குணத்தால், பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7:1 மட்டுமே, அதனால் மண்ணெண்ணெயை அவை தாங்கின, மனிதரின் அறிவுக்கு இதில் பங்கு குறைவு. வண்டியின் குணம் உதவியது மெய்தான். ஆனால் அந்த வண்டிகள் நாற்பது ஆண்டுகள் சாகாமல் இருந்ததற்கும், எந்த வண்டி தாங்கும் எது தாங்காது என்று தெரிந்ததற்கும் பின்னால் அதே கராஜ்களும் அதே கைகளும் இருந்தன. இந்த நிகழ்ச்சிகள் தெல்லிப்பழையின் மண்ணில் நடக்கவில்லையே, அப்போது ஊரே வெறுமையாக இருந்ததே என்பது மூன்றாவது மறுப்பு. வீட்டையும் கிணற்றையும் விட்டுப் போனவர் திருகை எப்போது மாற்ற வேண்டும் என்ற அறிவை விட்டுப் போகவில்லை. இடம்பெயர்ந்த இடங்களில் நடந்ததும் இந்த ஊரின் வரலாறே.

இதே காலத்துக் கண்ணாடிதான் தட்டின் நடுவுக்கு உரியது. ஜாம் போத்தல் விளக்கைச் சொல்கிறேன். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெய்க்குக் கட்டுப்படியாகாத நாளில், ஒரு ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதை உறிஞ்சிப் பிடிக்கப் பஞ்சு, நூலளவு மெல்லிய திரி. சுடர் போத்தலுக்கு உள்ளேயே நின்றது. போத்தலே காற்றைத் தடுக்கும் சிமிலியாகவும் ஆயிற்று. குண்டுமணிச் சுடர்தான் வரும், ஆனால் அந்தச் சொற்ப எண்ணெயில் இரவு நீளத்துக்கு வரும். பிள்ளைகள் அதற்குக் கிட்டக் குனிந்து படித்துச் சோதனை எழுதினார்கள். கம்பனியின் பெற்றோல் குமிழையும் இந்தப் போத்தலையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கருத்தில் செய்யப்பட்டவை என்பது தெரியும்: உள்ளே ஒளி, சுற்றிக் கண்ணாடி. ஒன்று எண்ணெய் இங்கே தாராளமாக உண்டு என்று தெருவுக்கு அறிவிக்க எரிந்தது. மற்றது எண்ணெய் இல்லாத வீட்டில், இருந்த துளியைக் காக்க எரிந்தது.

துன்பத்துக்கு விளக்குப் போட்டு அழகாக்குவது தகுமா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். மிகக் கடுமையான மறுப்பு இதுவே; இதற்குப் பதில் சொல்லாமல் தட்டுச் செய்யக் கூடாது. பதில் ஒளியூட்டும் முறையில்தான் இருக்கிறது. குமிழுக்கு உள்ளிருந்து ஒளி கொடுக்கலாம், அது செய்த வேலையே அது. பழைய இழை மின்குமிழ் மூடிய கண்ணாடிக்குள் சூட்டைச் சேர்த்துச் சாயத்தைப் பொருக்கெழ வைக்கும். குறைந்த மின்னழுத்த எல்ஈடியே போதும். ஜாம் போத்தலுக்குள் எந்த விளக்கும் வைக்கக் கூடாது. போலிச் சுடர் ஒன்றை மினுங்க வைப்பது, அதன் கீழ் படித்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. பக்கவாட்டிலிருந்து, கரிப்படிவும் திரியும் தெரியும் அளவுக்கு மட்டும் மங்கலான ஒளி விட வேண்டும். தடைக்காலத்துப் பெர்மிட், பங்கீட்டு அட்டை போன்ற கடதாசிகளை வைப்பதானால் அந்த அறைக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி ஆகாது. அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் அளவு அது. குமிழ் பளிச்சென்றும் போத்தல் மங்கியும் இருக்கும் அந்த வேறுபாட்டைச் சமன்செய்ய முயலக் கூடாது. பார்ப்பவர் கண் பிரகாசத்திலிருந்து மங்கலுக்குப் பழக எடுக்கும் சில நொடிகள், எந்த விளக்கப் பலகையும் சொல்லாததைச் சொல்லும்.

தட்டின் மரவேலைக்கு வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை பாரம் தாங்கும், கறையானுக்கும் எளிதில் இடம் கொடாது. எஞ்சின் தரையோடு ஒட்டிய கட்டையில் நிற்கட்டும். திருகு பார்ப்பவரின் கைப்பக்கம் திரும்பியிருக்கட்டும். அதன் மேல் கண்மட்டத்தில் போத்தல் விளக்கும் அரிக்கன் லாம்பும். குமிழ் பாரமானது, உருளக்கூடியது. அதைப் பக்கத்தில், முன்விளிம்பில் தடுப்புச் சட்டம் அடித்த தாழ்ந்த தட்டில் வைக்கலாம். காங்கேசன்துறைக் கடல் சில கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. உப்புக்காற்று உலோகப் பாகங்களைத் தின்னும் என்பதால் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வேண்டும், கீழும் மேலும் சிறு காற்றுத் துவாரங்களோடு.

எந்த வீட்டிலும் கிடைக்கும் ஒரு போத்தலுக்கு என்ன வரலாற்று மதிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி பொருளை விடவும் பொருளோடு சேர்த்து வைக்கும் பதிவைப் பற்றியது. யார் செய்தது, எந்த ஊரில் இருந்தபோது, எந்த ஆண்டில், எண்ணெய் எங்கே வாங்கியது என்ற நான்கு விவரமும் இருந்தால் போத்தல் சான்று. இல்லாவிட்டால் வெறும் போத்தல். இன்று புதிதாகச் செய்து வைப்பதை மாதிரி என்று எழுதியே வைக்க வேண்டும். 2020இல் நாவற்குழியில் சிவபூமி அருங்காட்சியகம் திறந்ததற்குப் பின்னால் இருந்தவர் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவர் ஆறு திருமுருகன்; ஆகவே சேர்த்து வைக்கும் எண்ணமும் ஆற்றலும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. அவசரமாக வேண்டியது பேச்சுப் பதிவு. இரண்டு அறைத் தாங்கியோடு இறைத்தவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்; ஊருக்குத் திரும்பியும் இருக்கிறார்கள், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். எஞ்சின் சூடேறிவிட்டது என்பதைச் சத்தத்தில் அறிந்தீர்களா, கையை வைத்துப் பார்த்தீர்களா, புகையின் நிறத்தைக் கொண்டா என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சினை இரும்புக்காரரிடமிருந்து எப்போதும் வாங்கலாம். திருகை மாற்றும் அந்தக் கணத்தை எப்படி அறிந்தார்கள் என்பதை அவர்களிடம் மட்டுமே கேட்கலாம்.