பெயரில்லாத பக்கங்கள்

தாத்தா மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். விடியலில் பெரட்டுக்கு யார் வந்தார், எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தார் என்று செக்ரோல் பதிவேட்டில் எழுதியவர். ஈரமேறிப் பூஞ்சை பிடித்த அந்த ஏடுகளை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருந்தேன்.

1885இல் வில்லியம் கேமரன் அளக்கப் போன மலை. 1929இல் ரஸ்ஸல் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1938இல் இந்தியா மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்பத் தடை போட்டது. புத்தகங்களில் இவ்வளவுதான்; கொழுந்தெடுத்தவர்களின் பெயர் செக்ரோலில்தான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் கணினி படுத்துவிட்டது. கடைக்காரத் தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். நல்லவேளை, பழைய ஹார்ட் டிஸ்க். விரைவு ஃபார்மட்டில் போவது பொருளடக்கம்தான். மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவெல்லாம் ஓடவிட்டேன். படத்தின் தொடக்கக் குறியைப் பிடித்துத் தேடுகிற மென்பொருள் அது. நாம் வைத்த பெயர் அதற்குத் தெரியாது.

பெரும்பாலானவை மீண்டன, வெறும் எண்களாக. தாத்தாவின் சாய்ந்த ‘ழ’வையும் மையின் நிறத்தையும் பார்த்துத்தான் இப்போது ஆண்டுவாரியாக அடுக்குகிறேன்.

எஸ்எஸ்டியாக இருந்தால் பெரும்பாலும் இதுவும் கிடைக்காது. கடைக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.