கரும்பலகையில் ஒரு பெருக்கல்: 147573952589676412927

இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை நான் முதலில் கண்டது தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், ஒரு பழைய கணிதப் புத்தகத்தில். 67 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என 67 கட்டங்களை நிரப்பினால் சேரும் நெல்மணிகளின் தொகையும் இதுதான்.

இது முதன்மை எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் என்று பிரெஞ்சுத் துறவி மரின் மேர்சென் 1644இல் எழுதினார். பெரியவர் சொன்னது, இருநூறு வருடங்களுக்கு மேல் நிலைத்தது. (அவரது பட்டியலில் இருந்திருக்க வேண்டிய 61, அச்சில் 67 ஆகிவிட்டதோ என்று ஐயப்படுவோரும் உண்டு.)

1876இல் எட்வார்ட் லூக்கா அதை மறுத்தார். அவரது முறை பின்னர் செம்மையாக்கப்பட்ட வடிவம் இது: 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழியுங்கள். வந்ததை எமது எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள். 65 தடவை செய்த பின் மீதி பூச்சியமானால் முதன்மை எண், இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் எந்த எண்களைப் பெருக்கி இது வந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. புத்தகத்தின் அந்த இடத்திலேயே நான் நெடுநேரம் நின்றேன். உடைந்தது என்று உறுதியாகத் தெரிகிறது, துண்டுகளை எவரும் காணவில்லை. 27 வருடங்கள் அப்படியே போயின.

1903 ஒக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கத்தில் இரண்டின் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார். மறுபக்கத்தில் 193707721 ஐ 761838257287 ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு சொல்லும் பேசாமல் போய் அமர்ந்தார், சபை கைதட்டியது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று அவர் பின்னர் கூறியதாகக் கணித வரலாறு எழுதிய ஈ. ரி. பெல் குறிப்பிடுகிறார்.

தேடலுக்கு ஒரு சல்லடை உண்டு. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134இன் ஒரு மடங்கை விட ஒன்று கூடியதாகவே இருக்கும். அப்படியும் சிறிய காரணி 134இன் 1445580ஆவது மடங்குக்கு அப்பால் ஒளிந்திருந்தது. அதனால் கோல் வேறு சல்லடைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பற்றரிக்குத் தடை இருந்த காலம். கல்குலேற்றர் பயனற்றுக் கிடந்தது. கொப்பியில் கையாலேயே பெருக்கினேன். 193707721இல் 7 மூன்று இடத்தில் வருவதால் ஒரே வரியை மூன்று தடவை தள்ளித் தள்ளி எழுதினால் போதும். முதல் விடை பிழைத்தது. இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டேன்: இரு காரணிகளுக்கும் மீதி 1, ஆகவே விடைக்கும் 1 வரவேண்டும், எனக்கு 2 வந்தது. ஒரு வரியில் மிச்சம் எடுத்ததை மறந்திருந்தேன்.

இரண்டாம் தடவை 21 இலக்கங்களும் சரியாக வந்தன. மண்ணெண்ணெய் தீருகிறது என்று அம்மா அப்போது இரண்டு முறை கூப்பிட்டிருந்தா.