டேபிள் டென்னிஸ் பேட் ரப்பர்: காஸ்ட்லியா வாங்கினா நல்லா ஆடலாமா? எப்போ மாத்தணும்?

"பேட் நல்லாத்தானே இருக்கு, எங்கேயும் கிழியல. அப்புறம் எதுக்கு ரப்பர் மாத்தணும்?" பிள்ளைகளை டேபிள் டென்னிஸ் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு சில மாதங்களிலேயே வரும் கேள்வி இது.

கேள்வி நியாயமானதுதான். ஒரு ரப்பர் ஷீட் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி, முன்னணி பிராண்டுகளில் பல ஆயிரம் ரூபாய் வரை போகிறது. அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும்! ரப்பர் ஜோடியாக விற்கப்படுவதில்லை, தனித்தனி ஷீட்டாகத்தான் வரும். முதல் தடவை வாங்குபவர்கள் பில்லைப் பார்த்து முழிப்பது இங்கேதான்.

ஆனால் செலவு அதிகமாவதற்கு ரப்பரின் விலை மட்டுமே காரணமில்லை. தேவையில்லாத ரப்பரை வாங்குவதும், வாங்கியதைச் சரியாகப் பராமரிக்காததும்தான் பல வீடுகளில் நடக்கிறது.

ரப்பருக்குள் என்ன இருக்கிறது?

பேட்டின் மரப் பகுதிக்கு பிளேடு என்று பெயர். அதன் மேல் ஒட்டப்படும் ரப்பர் பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டு அடுக்கு. மேலே ரப்பர், கீழே ஸ்பாஞ்ச். பந்து வந்து பட்டதும் மேல் ரப்பர் அதைப் பிடிக்கிறது, ஸ்பாஞ்ச் லேசாக அமுங்கி திருப்பித் தள்ளுகிறது. ஸ்பின்னுக்கு அந்தப் பிடிப்பு முக்கியம், வேகத்துக்கு அந்த அமுக்கம் முக்கியம்.

இந்த ஸ்பாஞ்ச் கதையில் இந்தியாவுக்கும் ஒரு இடம் உண்டு. 1952-ல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் ஹிரோஜி சாடோ, தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டுடன் வந்தார். அதுவரை பந்து படும் 'டக்' சத்தத்தை வைத்தே அடியைக் கணித்த வீரர்களுக்கு, சத்தமே இல்லாமல் வந்த பந்து புரியவில்லை. ஆண்கள் ஒற்றையர் பட்டம் சாடோவுக்குப் போனது. 1959-ல் சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு ரப்பருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இப்போதைய விதிப்படி ரப்பர், ஸ்பாஞ்ச், பசை மூன்றும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

எத்தனை வகை?

பெரும்பாலானோர் ஆடுவது மேற்பரப்பு வழவழவென்று இருக்கும் ரப்பரில். இதில் புள்ளிகள் உள்பக்கம் திரும்பியிருக்கும். புள்ளிகள் வெளியே தெரிந்தால் அது பிம்பிள்ஸ். குட்டையான புள்ளி என்றால் பந்து வேகமாகப் போகும், ஸ்பின் குறைவு.

நீளமான புள்ளி உள்ள ரப்பர்தான் விஷயமே. பந்து பட்டதும் புள்ளிகள் வளைந்துவிடும், பந்தைப் பிடிக்காது. அதனால் எதிராளி கொடுத்த சுழற்சி மாறாமல் அவருக்கே திரும்பிப் போகும். அவர் டாப் ஸ்பின் அடித்திருந்தால், அவருக்குத் திரும்பி வருவது பேக் ஸ்பின். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா தங்கம் வென்றபோது, அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் இருந்தது இந்த ரப்பர்தான். ஒலிம்பிக் பதக்கம் வென்ற சிங்கப்பூரின் ஃபெங் தியான்வேயையே அந்தத் தொடரில் மணிகா வீழ்த்தினார்.

இதைப் பார்த்துவிட்டு "எங்க பொண்ணுக்கும் அதே போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்படை ஷாட்டுகள் கைக்கு வராமல், கோச் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

ஸ்டார் பிளேயர் ரப்பர் வாங்கலாமா?

சீனாவின் மா லாங் ஃபோர்ஹேண்டில் பயன்படுத்திய ஹரிகேன் 3 உலகப் புகழ் பெற்றது. பசை மாதிரி ஒட்டும் மேற்பரப்பு, கடினமான ஸ்பாஞ்ச். முழு உடம்பையும் திருப்பி ஓங்கி அடித்தால்தான் அந்த ஸ்பாஞ்ச் வேலை செய்யும். பத்து வயதுப் பிள்ளை அடித்தால் பந்து செத்த மாதிரி விழும். டெனர்ஜி போன்ற ரப்பர்களில் பிரச்னை நேர் எதிர். லேசாகத் தொட்டாலே பந்து துள்ளி டேபிளைத் தாண்டும். பயந்துபோய்ப் பிள்ளை கையை முழுசாக வீசாமல் தட்டித் தட்டி ஆடும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பின்னாடி மாற்றுவது ரொம்பக் கஷ்டம். விலையை விட இதுதான் பெரிய நஷ்டம்.

தொடக்க நிலைக்கு நடுத்தர விலையில், மென்மையான ஸ்பாஞ்ச் உள்ள வழவழ ரப்பர் போதும். ஸ்பாஞ்ச் தடிமன் 1.5 முதல் 1.8 மி.மீ. இரண்டு பக்கமும் ஒரே ரப்பர். ஸ்ட்ரோக் நிலையாக வந்த பிறகு 2.0 மி.மீ. பக்கம் போகலாம்.

வாங்கும்போது கவனிக்க இன்னொன்று. ஒரு பக்கம் கட்டாயம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பர் ஒட்டி, பேட்டைத் திருப்பித் திருப்பி ஏமாற்றியவர்களால் வந்த விதி இது. 2021 அக்டோபர் முதல் சிவப்புக்குப் பதிலாக நீலம், பச்சை, பிங்க், வயலெட் நிறங்களுக்கும் அனுமதி உண்டு. ஆன்லைனில் அவசரத்தில் இரண்டு சிவப்பு ஷீட் ஆர்டர் போட்டால் ஒன்று வீண்.

ரப்பரில் ஐ.டி.டி.எஃப். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பல பேட்டுகளில் அது இருக்காது. மொட்டை மாடியில் ஆட ஓகே, போட்டிக்கு எடுத்துப் போனால் சிக்கல். ஒட்டும்போதும் முத்திரை கைப்பிடி பக்கம் வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும்.

எப்படிப் பராமரிப்பது?

ரப்பரின் முதல் எதிரி தூசு. டேபிளிலும் தரையிலும் இருக்கும் தூசு பந்து வழியாக ரப்பருக்கு வந்து படிந்து பிடிப்பைக் குறைக்கும். ஆடி முடித்ததும் ஸ்பாஞ்சில் சில சொட்டு சாதாரணத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு உறையில் வைத்தால் போதும். ரப்பருக்கென்றே விற்கும் கிளீனரும் பயன்படுத்தலாம். பாத்திரம் கழுவும் லிக்விட், சானிடைசர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ரப்பர் காய்ந்து வீணாகும். பிம்பிள்ஸ் ரப்பருக்கு மென்மையான பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் ரப்பரில் ஊதி உள்ளங்கையால் தேய்ப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்குச் சரி. தினமும் செய்தால் கையிலிருக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ரப்பரில்தான் சேரும்.

அடுத்த எதிரி சூடு. பேட்டை பைக் டிக்கியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காற்றும் வெளிச்சமும் படாமல் இருக்க, ரப்பர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வைப்பது நல்லது. புது ரப்பருடன் வரும் ஷீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாலே இதற்கு உதவும். ஓரத்தில் எட்ஜ் டேப் ஒட்டினால் பேட் டேபிளில் இடிக்கும்போது சேதம் குறையும். ஓரத்தில் லேசாகப் பிய்ந்தால் உடனே மாற்றவும் வேண்டாம். ஆடும் பரப்பின் தன்மை பெரிதாக மாறாத வரை விதியே அனுமதிக்கிறது.

எப்போது மாற்றணும்?

ரப்பரை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பந்தை அதன் மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் பிடித்து இழுக்கிறது, நடுவில் வழுக்குகிறது என்றால் ஆயுள் முடிந்துவிட்டது. நடுவில் மட்டும் பளபளப்பு போய் வெளிறித் தெரிவதும் அதே அறிகுறிதான். வாரத்தில் ஓரிரு நாள் ஆடுபவருக்கு ஒரு வருடம் கூடத் தாங்கலாம். தினமும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு சில மாதங்களில் போய்விடும். போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், செலவு பாதி.

பழைய ரப்பருக்கு 'பூஸ்டர்' தடவி உயிர் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பரை ரசாயனம் பூசி மாற்றுவது விதிமீறல். பெரிய போட்டிகளில் பேட்டைச் சோதிக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய ஸ்பீட் க்ளூவில் மூச்சுக்குக் கெடுதியான கரைப்பான்கள் இருந்ததால், 2008 செப்டம்பரில் அதுவும் தடை செய்யப்பட்டது. இப்போது தண்ணீர் சார்ந்த பசைதான். பிளேடிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகத் தடவி, வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி மாதிரி ஆனதும் ஒட்டணும். காயும் முன்பே ஒட்டினால் நடுவில் குமிழ் விடும், அந்த இடத்தில் பந்து எகிறாது.