ஓய்வறியாத பாலம்: பாட்னா காந்தி சேதுவின் நாற்பதாண்டுகள்

2024 ஜூன், ஜூலை மாதங்களில் பீகாரில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் அடுத்தடுத்து இடிந்தபோது, நம் முகநூல் பக்கங்களிலும் கேலிப் படங்கள் நிறைந்தன. இடிந்தவற்றுள் பெரும்பாலானவை சிறு பாலங்கள். சிவான், சாரண் மாவட்டங்களில் விழுந்தவற்றுள் சில முப்பது ஆண்டுகளைக் கடந்தவை. ஆற்றைத் தூர்வாரியபோது அடித்தளத்தைச் சுற்றியிருந்த மண் பெயர்ந்துவிட்டது என்று மாநில அரசு விளக்கம் தந்தது. பொறியாளர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். விழுந்த பாலத்துக்கு விசாரணையாவது நடக்கிறது. விழாமலே பல்லாண்டு நோயுற்றுக் கிடந்த பாலத்தின் கதையை யாரும் கேட்பதில்லை. ஒரு மாநிலத்தின் பாலங்கள் எந்நிலையில் உள்ளன என்பதை அறிய அத்தகைய பாலமே நல்ல சான்று என்பது என் கருத்து. பாட்னாவையும் ஹாஜிபூரையும் இணைக்கும் மகாத்மா காந்தி சேது அவ்வகையில் பீகாருக்குக் கிடைத்த தனிச் சான்று.

கங்கை பீகாரை இரண்டாகப் பிளக்கிறது. 1959-இல் மொகாமா அருகே ராஜேந்திர சேது திறக்கப்படும்வரை அம்மாநிலத்தில் அவ்வாற்றைக் கடக்கப் பாலமே கிடையாது. அது திறந்த பின்னரும் தலைநகர்வாசிகளுக்குப் பெரும் பயனில்லை. மொகாமா வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. பாட்னாவின் மகேந்துரு படித்துறைக்கும் எதிர்க்கரையின் பஹ்லேஜா படித்துறைக்கும் இடையே நீராவிப் படகுகள் ஓடின. வட பீகாரின் நோயாளியும் மாணவனும் வழக்காடியும் படகுக்குக் காத்திருந்தே தலைநகரை அடைந்தனர். 1982 மே மாதம் இந்திரா காந்தி திறந்துவைத்த பாலம் இந்தக் காத்திருப்பை முடித்தது. முதலில் ஒரு பக்கத்துச் சாலை மட்டும் திறக்கப்பட்டது. மறுபக்கம் நிறைவுற 1987 ஆயிற்று. ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேலான நீளம். 2017-இல் அசாமின் தோலா–சதியா பாலம் வரும்வரை இந்தியாவின் மிக நீண்ட ஆற்றுப்பாலம் இதுவே.

இதன் நோய் எது என்று அறிய இது கட்டப்பட்ட முறையைச் சற்று விளக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களைச் செலுத்தி, முறுக்கேற இழுத்துக் கட்டி, அந்த இழுவிசையால் கான்கிரீட்டை எந்நேரமும் அழுத்தத்தில் வைத்திருக்கும் முறை இது. முன்னழுத்தக் கான்கிரீட் என்பர். ஒவ்வொரு தூணிலிருந்தும் இருபுறமும் கைவிரித்தாற்போல் தளம் நீளும். அடுத்த தூணின் கையும் நீண்டு வரும். இரண்டும் நடுவில் சந்திக்குமிடத்தில் ஒரு கீல். ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 121 மீட்டர் அகலம். ஆற்றில் சாரம் கட்டாமலே பாலத்தை நீட்டிக்கொண்டு போகலாம் என்பதால், வெள்ளப்பெருக்குள்ள ஆறுகளுக்கு உகந்தது என்று கருதப்பட்டது. அசாமின் சில்சாரில் பராக் ஆற்றின்மீது 1960-களின் தொடக்கத்திலேயே இம்முறை கையாளப்பட்டு, அன்றைய இந்தியப் பொறியியலின் பெருமையாகப் பேசப்பட்டது.

கான்கிரீட் அசையாப் பொருள் என்று நாம் நினைக்கிறோம். நெடுங்காலம் எடையைச் சுமந்தால் அது மெல்ல மெல்ல நெளிந்து கொடுக்கும். வடங்களின் முறுக்கும் ஆண்டுதோறும் சிறிது தளரும். தொடர்ச்சியான பாலமாயின் இத்தளர்வு பரவலாகிப் பெரிதாகத் தெரியாது. நடுவில் கீல் இருந்தால் இரு கைகளின் நுனியும் தொய்ந்து அங்கே பள்ளம் விழும். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு லாரியும் கீலைச் சம்மட்டி கொண்டு அடிப்பது போலத்தான். கீல் தேயும், தேயத் தேய அடியின் வேகம் கூடும். இந்நோய் பாட்னாவுக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் தீவு நாடான பலாவில் 1977-இல் கட்டிய இவ்வகைப் பாலம் நடுவில் ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. 1996-இல் அதைச் செப்பனிட்டு முடித்த சில மாதங்களிலேயே இடிந்து விழுந்தது. கோவாவில் 1970-இல் திறந்த மாண்டவி பாலம், உப்புக்காற்றில் வடங்கள் அரித்து, 1986 ஜூலையில் ஆற்றுக்குள் போயிற்று. ஆகவே இப்படி நேரக்கூடும் என்பது 1990-களின் நடுவிலேயே துறையினர் அறிந்த செய்தி.

அறிந்தும் ஏன் குணப்படுத்த இயலவில்லை? ஊழல், அலட்சியம் என்ற இரு சொற்களோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அவை இல்லையென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வேறொன்றும் இருக்கிறது. அப்போது இப்பாலத்துக்கு மாற்று இருக்கவில்லை. சோன் ஆற்று மணல் வட பீகாருக்கு இதன் வழியே சென்றது. ஹாஜிபூர் வாழைப்பழமும் நேபாள எல்லைக்குப் போகும் சரக்கும் இதன் வழியேதான். எனவே முழுப் பாலத்தையும் மூட எந்த அரசுக்கும் துணிவில்லை. ஒரு பக்கத்தில் பழுது பார்க்கையில் மறுபக்கம் இருவழிப் போக்குவரத்தையும் சுமந்தது. பழுது பார்ப்பதே நெரிசலை உண்டாக்கிற்று. நெரிசலில் மணல் லாரிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி மணிக்கணக்கில் பாலத்தின்மேல் நின்றன. இடைவெளி விட்டு ஓடும் வண்டிகளைக் காட்டிலும் இப்படி நிற்கும் வண்டிவரிசை தரும் சுமை அதிகம். பிற்கால இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிகள் நெரிசலுக்கென்றே கணக்கில் ஒரு பெருக்கியைச் சேர்த்துள்ளன. ஆக, ஒரு கையின் புண்ணுக்கு மருந்திடும்போதெல்லாம் மறுகையின் புண் பெரிதாயிற்று. வெளியிலிருந்து புதிய வடங்களை இழுத்துக் கட்டும் முயற்சிகளும் நடந்தன. அவை நிலைத்த பயன் தரவில்லை.

மொழியியல் படித்த பழக்கத்தால் இங்கே ஒரு கிளைப்பேச்சு. ‘சேது’ என்பது ‘கட்டு’ எனப் பொருள்படும் சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல். இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் பெயரால் தமிழர்க்கும் பழக்கமானது. சேதுவின் பதி என்றால் அதைக் காப்பவர். பீகாரில் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பான துறையின் பெயர் ‘பத் நிர்மாண் விபாக்’. 1975-இல் தோன்றிய அரசு நிறுவனம் ‘புல் நிர்மாண் நிகம்’. இரண்டிலும் ‘நிர்மாண்’, அதாவது கட்டுதல், இருக்கிறது. காத்தலைக் குறிக்கும் சொல் இல்லை. பெயரை வைத்துத் துறையை எடைபோடலாகாது என்பது தெரியும். எனினும் இந்தி நாளேடுகள் பழுதுற்ற பாலத்தை ‘ஜர்ஜர்’ என்ற ஒரே அடைமொழியால் ஆண்டுக்கணக்கில் அழைத்து வந்துள்ளன. நைந்தது என்று பொருள். எவ்வளவு நைந்தது, எந்தக் கண்ணில், சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடுதலாக என்பதற்கு அச்சொல்லில் இடமில்லை. 2016 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைப் பாலம் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணும், கட்டுமான நிலைக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண்ணும் தந்தது. ‘ஜர்ஜர்’ என்ற சொல் எண்ணாக மாறிய அந்தச் சிறு மாற்றத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

காந்தி சேதுவின் மேற்கட்டுமானம் முழுவதையும் அகற்றிவிட்டு எஃகுச் சட்டகங்களைப் பொருத்துவதென இறுதியில் முடிவாயிற்று. மதிப்பீடு 1,742 கோடி ரூபாய். மேற்குப் பக்கத்தை உடைக்கத் தொடங்கியது 2017-இல். அதே ஆண்டு ஜூன் மாதம் திகா–சோன்பூர் பாலத்தின் சாலையும் ஆரா–சாப்ரா பாலமும் திறக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்னாவை ஒட்டிக் கங்கையைக் கடக்க வேறு வழிகள் பிறந்த பிறகே பழைய பாலத்தின்மேல் துணிந்து கைவைக்க முடிந்தது என்பதே என் வாசிப்பு. மேற்குப் பக்கம் 2020 ஜூலை 31 அன்றும் கிழக்குப் பக்கம் 2022 ஜூன் 7 அன்றும் திறக்கப்பட்டன. 66,000 டன்னுக்கு மேல் எஃகு சென்றதாகக் கணக்கு. அவ்வளவு எஃகும் பழைய கான்கிரீட்டைக் காட்டிலும் எடை குறைவு. தூண்களின் பாரம் குறைந்தது.

பக்கத்திலேயே புதிதாக நான்குவழிப் பாலம் ஒன்றுக்கு 2020 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு வேலை தொடங்கியது. 2024-இன் இடிவுகளுக்குப் பிறகு மாநில அரசு பாலப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, பெரிய பாலங்களைச் சோதிக்கும் பொறுப்பை பாட்னா, டெல்லி ஐ.ஐ.டி.களிடம் அளித்துள்ளது. காந்தி சேதுவில் மாற்றப்பட்டது தூண்களுக்கு மேலுள்ள பகுதி மட்டுமே. தூண்களும், கங்கையின் மணலுக்குள் ஆழ இறக்கப்பட்ட கிணற்று அடித்தளங்களும் முதற்கட்டுமானத்தின்போது அமைந்த அதே பழையவை.