யோசித்துப் போட்ட ஓட்டு



"நம்ம ஆளே நிக்கலை, யாருக்குப் போட்டா என்ன சார்?" என்று கேட்டான் பழைய மாணவன் ஒருவன். கூடலூர் பக்கம் டேன்டீ லயத்தில் வளர்ந்தவன். அவன் தாத்தா காலத்துக் கதையைச் சொன்னேன்.

1947 இலங்கைத் தேர்தல். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், இலங்கை இந்தியக் காங்கிரஸ் நின்ற இடங்களில் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். நிற்காத பல தொகுதிகளில், ஐக்கிய தேசியக் கட்சியைத் தோற்கடிக்க இடதுசாரிகளுக்குப் போட்டார்கள். 95 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தது 42தான்.

மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அந்த ஓட்டைக் கண்ட பயமும் ஒரு காரணம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் பலர் நம் நீலகிரியில் கொழுந்து பறித்தார்கள்.

"போட்டா என்ன" என்று கேட்காதே தம்பி. பறிகொடுத்தவர்களின் பேரன் நீ.