ஐஓஎஸ் 7 இடைமுக மாற்றமும் செயலி உருவாக்குநர்களும்

ஐஓஎஸ் 7 என்பது ஆப்பிள் நிறுவனம் 2013 ஜூன் 10 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அறிமுகப்படுத்தி, செப்டம்பர் 18 அன்று வெளியிட்ட கைப்பேசி இயங்குதளப் பதிப்பாகும். ஆப்பிள் வடிவமைப்பாளர் ஜானி ஐவ் தலைமையில் உருவான இதன் பயனர் இடைமுகம், தோல், மரம், துணி போன்ற மெய்ப்பொருள்களின் தோற்றத்தைத் திரையில் போலச்செய்யும் பழைய பாணியைக் கைவிட்டு, மெல்லிய எழுத்துருக்களையும் ஒளி ஊடுருவும் அடுக்குகளையும் ஏற்றது.

இம்மாற்றம் செயலி உருவாக்குநர்களுக்கு வெறும் வண்ண மாற்றமாக அமையவில்லை. நேரமும் மின்கல அளவும் காட்டும் நிலைப்பட்டை, முன்பு தனி இடம் பெற்றிருந்தது. புதிய பதிப்பில் அது ஒளி ஊடுருவுவதாகிச் செயலியின் உள்ளடக்கத்தின் மேல் படிந்ததால், பழைய அளவுகளின்படி அமைத்த தலைப்புகளும் பொத்தான்களும் அதன் அடியில் சிக்கின. எனவே திரை அமைப்பைத் திருத்துவதும், ஐபோன் முகப்புப் படவுருவை 114 படப்புள்ளிகளிலிருந்து 120 ஆக மறுவரைவதும் இன்றியமையாதவை ஆயின. பொத்தான்கள் கரையிழந்ததால், தொடத்தக்கது எது என்பதை உணர்த்தும் பொறுப்பு, செயலி முழுவதற்கும் பொதுவான சாயல் நிறத்தின் மீது விழுந்தது.

பழைய கருவித்தொகுப்பில் தொகுக்கப்பட்ட செயலிகள் முந்தைய தோற்றத்துடனேயே இயங்கியமையால் சிறிது அவகாசம் கிடைத்தது. ஆயினும் 2014 பிப்ரவரி 1 முதல், புதிய செயலிகளும் மேம்படுத்தல்களும் ஆப்பிளின் செயலி உருவாக்கக் கருவியான எக்ஸ்கோட் 5 கொண்டு ஐஓஎஸ் 7-க்கு ஏற்ப உருவாக்கப்பட வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. இம்மாற்றங்களோடு, பயனர் விரும்பும் எழுத்தளவுக்கேற்பத் திரையை மாற்றியமைக்கும் வசதி இப்பதிப்பில் அறிமுகமானது, பார்வைக் குறைபாடுள்ளோர்க்குப் பெரும்பயன் அளித்த முன்னேற்றமாகும்.