கெர்னலுக்கு ஒரு காவல்காரன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுத நிறைய பேர் இருப்பதால், நான் சோறு தின்கிற துறையின் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி கெர்னல். பிராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலில் உலகமே கை வைத்தது. தப்பு நேர்ந்தால் மெஷின் நின்றுவிடும், உடனே தெரியும். வேகம் குறைந்தால்? இன்று நூறில் ஒரு பங்கு, அடுத்த மாதம் இன்னொரு பங்கு. சத்தமே வராது.

அளவுகோல் இல்லாமல் இல்லை. 1996-இல் லாரி மெக்வாயும் கார்ல் ஸ்டேலினும் எல்எம்பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பை விளக்கிக் கட்டுரை படித்தார்கள். ஆனால் யாராவது உட்கார்ந்து ஓட்டினால்தானே!

1999 ஏப்ரலில் அடி விழுந்தது. மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்ட் கொடுத்த காசில், நாலு பிராசஸர் சர்வரில் லினக்ஸையும் விண்டோஸ் என்.டி.யையும் ஓட்டிப் பார்த்தது. ஃபைல் சர்வராக என்.டி. 2.5 மடங்கு, வெப் சர்வராக 3.7 மடங்கு வேகம் என்று அறிவித்தது. "காசு வாங்கின டெஸ்ட்" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். லினக்ஸ் ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி நடத்தினார்கள். அப்போதும் என்.டி.தான் முந்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

அலசியபோது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று நம்ம ஹாஸ்டல் போன் கதைதான். மணி அடித்தால் மாடி முழுக்க ஓடி வரும், பேசப்போவது ஒருத்தன், மத்தவனெல்லாம் திரும்பிப் போய்ப் படுக்கணும். அதேபோல ஒரு கோரிக்கை வந்தால், காத்திருந்த புரோகிராம்கள் மொத்தமும் விழித்துக்கொண்டன. ஒன்றை மட்டும் எழுப்பும் ஏற்பாடு 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் இருந்தது.

அந்தச் சோதனை செய்த உபகாரம் பெரிது என்பேன். ஆனால் எதிராளி வந்து சொல்லும்வரை காத்திருக்க முடியுமா? இண்டெலில் ஒரு குழு கெர்னலின் வேகத்தைத் தொடர்ந்து சோதிக்க ஆரம்பித்து, 2007-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் அந்த அனுபவத்தைச் சொன்னது. பிறகு அங்கேயே ஃபெங்குவாங் வூ தொடங்கிய ஏற்பாடு, கெர்னல் டெஸ்ட் ரோபாட்டாக வளர்ந்தது. மாற்றங்கள் வர வர, கெர்னலைக் கட்டி, ஓட்டி, அளக்கும். ஒரு அளவை நம்பாது. திரும்பத் திரும்ப ஓட்டும். வேகம் குறைந்திருந்தால் மாற்றங்களின் வரிசையில் நடுவில் இருப்பதை எடுக்கும். அங்கேயே குறைந்திருந்தால் குற்றவாளி முன்பாதியில், இல்லையென்றால் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 8,000 மாற்றங்களிலும் 13 தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். எழுதியவருக்கே கடிதமும் போய்விடும்!

2024 நவம்பரில் அது அனுப்பிய கடிதம் ஒன்றில், ஒரு சின்னத் திருத்தத்தால் 3,888.9 சதவீத முன்னேற்றம் என்று இருந்தது. முந்தைய ஒரு மாற்றம் கெடுத்ததைச் சரிசெய்த திருத்தம் அது. மெமரி ஒதுக்கும் ஒரே ஒரு சோதனையில் வந்த எண். உங்க கம்ப்யூட்டர் 40 மடங்கு பறக்காது. ரோபாட்டின் சோதனைகள் எல்லாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. லேபில் ஒரு மெஷின் சும்மா கிடந்தால், தம்பிகளே, ராத்திரி ஓட விட்டுப் பாருங்கள்.